மெதுவாகப் பேசத் தெரியாத அப்பா எழுதுவது

பாப்பா,

இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருக்கிறேன், யாரும் செட் வாடகை கேட்டு வந்து நிற்கக் கூடாது என்று. நீ இந்நேரம் வீட்டில் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டிருப்பாய். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் தர்மபுரி, அங்கிருந்து ஓசூர் என்று உன் அம்மா சொன்னாள். என்னிடம் நீ சொல்லவில்லை. ஆடிப் பண்டிகை முடிந்ததிலிருந்து நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாய். ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். நேரில் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். மைக் செட் கட்டிக் கட்டி என் காது பாதி போய்விட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்று நீ கத்துவாய், என் பேச்சு எனக்கே கேட்க வேண்டும் என்று நான் கத்துவேன். நாம் சமாதானம் பேசினால்கூடச் சண்டை என்று நினைத்துத் தெரு கூடிவிடும். இந்தப் பேச்சு தெருவுக்குப் போகக் கூடாது, போனவரைக்கும் போதும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, ஆனால் முழுக்கப் படி. நாளை மதியத்துக்குள் நீ முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது.

நடந்ததை நடந்தபடியே முதலில் எழுதிவிடுகிறேன். பண்டிகைக்கு அறிவிப்பு பேசிக் கொடு என்று நான்தான் உன்னைக் கேட்டேன். நீ உன் வேலையை நிறுத்திவிட்டு, கூழ் ஊற்றுகிற நேரம், பொங்கல் வைக்கிற நேரம், சாமி ஊர்வலம் கிளம்புகிற நேரம் எல்லாவற்றையும் அழகாகப் பேசிப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாய். புத்தகங்களைக் குரலில் பதிந்து விற்கிற சென்னைக் கம்பெனிக்காக நீ படித்துக்கொண்டிருந்த நாவலும் அதே பென் டிரைவில்தான் இருந்தது. கரண்டு போய்க் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டால் பட்ட பாடு வீணாகும் என்று பயந்து, முடித்தவரை அதில் ஒரு பிரதி வைத்திருந்தாய். கொடுக்கும்போதே சொன்னாய், “அப்பா, மொதல்ல இருக்கறது மட்டுந்தான் போடணும். மத்ததத் தொடாதீங்க. அந்தப் புஸ்தகம் இன்னும் வெளியவே வரலீங்க, யாரும் கேக்கக் கூடாது.” நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்துதான் ஆட்டினேன். கேட்கவில்லை என்று இப்போது சாக்குச் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் கோயில் பந்தலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உன் பெரிய அத்தை கையில் சொம்போடு வந்து நின்றாள். என் அக்காவுக்கு எங்கள் குடும்பத்துக் குரல், அவள் ரகசியம் சொன்னால் எனக்கே கேட்கும். “ஏண்டா, உம் பொண்ணு கதவச் சாத்திக்கிட்டுத் தனியாப் பேசிக்கிட்டு இருக்குதாமே? ஒரு நேரம் அழுவுதாம், ஒரு நேரம் சிரிக்குதாம். காத்து கருப்பு ஏதாச்சும் அண்டியிருக்கப் போவுது, ஒரு எட்டு கூட்டிக்கிட்டுப் போயி மந்திரிச்சிட்டு வாடா” என்றாள். வரிசையில் நின்ற யாரோ ஒருவன், “காத்தும் இல்ல கருப்பும் இல்லீங்க, போன்ல எவனாச்சும் இருப்பான்” என்றான். பந்தலே சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நீ விடிகாலையில் எழுந்து, பால் வண்டி ஹாரன் அடிப்பதற்கு முன் படித்து முடிக்கிறாய், தொண்டை கட்டிக்கொண்டால் வெந்நீரும் மிளகும் குடித்துவிட்டு மறுபடியும் படிக்கிறாய், அதற்கு இவர்கள் வைக்கிற பேர் இது. மைக்கை எடுத்தேன். “எம் பொண்ணு வூட்டுக்குள்ள என்ன பண்றான்னு கேட்டீங்களே, இதாங்க பண்றா, எல்லாரும் கேட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு நாவலைப் போட்டுவிட்டேன்.

நீ அப்போது உன் அறையில் இருந்தாய். சுவர் முழுக்க ஜமுக்காளமும் பழைய போர்வையும் தொங்கவிட்டு, ஜன்னலை மெத்தையால் அடைத்து, ஃபேனை நிறுத்தி, வெளிச்சத்தம் உள்ளே வராதபடி நீயே பார்த்துப் பார்த்துச் செய்த அறை. காதில் ஹெட்போன் வேறு. அதனால் ஊருக்கெல்லாம் கேட்ட உன் குரல் உனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதுதான் கேட்டிருக்கிறது. அதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, “உங்கள யாருப்பா இதக் கேட்டாங்க?” என்று மட்டும் சொன்னாய். மைக் ஆனில் இருந்தது. அதுவும் ஊருக்கே கேட்டது.

தெருக்கோடி சுமதி நல்ல மனசோடுதான் செய்தாள். ‘எங்க தெருப் பொண்ணு குரல்’ என்று போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தாள். அதை எடுத்து இன்னொருவர், அவரிடமிருந்து மற்றொருவர் என்று போய், யாரோ நாவலின் பேரையும் போட்டு எல்லோரும் பார்க்கிற மாதிரி ஏற்றிவிட்டார்கள். மறுநாளே கம்பெனியிலிருந்து உனக்குப் போன் வந்தது, நீ எடுக்கவில்லை. நாவல் வேலையை நிறுத்துகிறோம் என்று மெயில் வந்தது. அதற்குப் பிறகு வந்த போன் எதையும் நீ எடுக்கவில்லை. உன் கல்லூரித் தோழி, தான் வேலை பார்க்கிற ஓசூர் கால் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள் என்று எப்போதோ போட்டிருந்த மெசேஜைத் தேடி எடுத்து, வருகிறேன் என்று பதில் போட்டாய். இவ்வளவும் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுமதி அன்றைக்கே அழித்துவிட்டாள், மற்றவர்கள் வீட்டுக்கும் நான் நடையாய் நடந்து அழிக்க வைத்தேன். அதனால் என்ன, போனது போனதுதான்.

ஓசூர் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், ஹாஸ்டல், வாரம் ஒரு நாள் லீவு, உன் அத்தை வாய்க்கும் பூட்டு. ஆனால் நீ பெங்களூரில் அதே வேலையில் இருந்துவிட்டுத்தான் வந்தாய். ஒரு தீபாவளிக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மாவிடம், “நாளெல்லாம் ஒரே வாக்கியத்தச் சொல்றேம்மா, எங்குரலே எனக்குப் புடிக்காமப் போயிடும் போல இருக்குது” என்று சொல்லி அழுதாயாம். அதனால்தான் நீ அந்த வேலையை விட்டுவிட்டு, இனிமேல் வீட்டிலிருந்தே குரல் கொடுக்கிற வேலை செய்யப்போகிறேன் என்று வந்து நின்றபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உன் குரல் உனக்குப் பிடிக்காமல் போகிற இடத்துக்கே நீ திரும்பிப் போவது ஓசூர் பிடித்தா, என் மேல் கோபத்திலா, இல்லை அந்தச் சென்னைக்காரர்களுக்கு முகம் கொடுக்க முடியாமலா? முதல் காரணம் என்றால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன்.

வேலை தேடுகிற விஷயத்தில் உனக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வழி, சத்தம் போட வேண்டும். இந்தக் கடத்தூரில் நான் கடை போட்ட புதிதில் என்னை யாருக்கும் தெரியாது. கட்டுகிற இடத்திலெல்லாம் இரண்டு பாட்டுக்கு நடுவில் என் கடைப் பேரை நானே மைக்கில் சொல்வேன். சாவு வீட்டில்கூடச் சொல்லி ஒரு தடவை அடி வாங்கப் பார்த்தேன். ஆனாலும் அப்படித்தான் பேர் பரவியது. அதே புத்தியில்தான் உனக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உன் போட்டோ போட்டு, கையில் மைக்கோடு, ‘குரல் அரசி’ என்று ஃபிளெக்ஸ் வைத்தேன். நீ தர்மபுரியிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கி அதன் முன்னால் நின்ற நிலையை டீக்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். எவ்வளவு போன் வந்தது! ஒருத்தர் அவர் அப்பா காரியத்துக்கு ஒப்பாரி பாட வருவாயா என்று கேட்டார். ஒருத்தன் சும்மா உன் குரல் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றான். நீ காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய்த் தன்னந்தனியாக அதை அறுத்து இறக்கினாய். இன்றைக்கும் நம் குட்டியானை வண்டியில் ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் மூடுகிற படுதா அந்த ஃபிளெக்ஸ்தான்.

நீ தேடிய விதம் வேறு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற கம்பெனிகளின் பாடங்களை உட்கார்ந்து கேட்பாய். எது நன்றாக இல்லையோ அதில் ஒரு பாடத்தை மட்டும் உன் குரலில் படித்து அனுப்புவாய். பதில் வராது. அடுத்த வாரம் வேறொரு கம்பெனிக்கு வேறொரு பாடம். “இதென்ன பாப்பா, கெணத்துல கல்லப் போட்டுட்டு சத்தம் வருதான்னு பாக்கற மாதிரி” என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரித்துக்கொண்டே, “சத்தம் வராட்டிப் போவுதுப்பா, கல்லு உள்ளதான இருக்குது” என்றாய். கடைசியில் அதில் ஒருவர்தான் உனக்கு முதல் வேலை கொடுத்தார். அந்த வேலையைக் கேட்டுத்தான் சென்னைக் கம்பெனி உன்னைத் தேடி வந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிற பிழைப்பு என்னுடையது. யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்கு மட்டும், சரியான நாளில் கேட்க வேண்டியது உன்னுடையது. இது எனக்குப் பண்டிகை அன்றைக்குத்தான் உறைத்தது, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உனக்கு உருப்படியாகச் சொல்ல முடியும், அது வேலை இல்லாத மாதத்தைப் பற்றி. எனக்கும் மாதச் சம்பளம் என்பது ஒரு நாளும் கிடையாது. புரட்டாசியில் கல்யாணம் இல்லை, ஐப்பசி மழையில் பந்தல் இல்லை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு புரட்டாசி முழுக்க நான் மத்தியானம் வரை பாயை விட்டு எழாமல் கிடந்தேன். ஒருநாள் உன் அம்மா கடையிலிருந்த ஒயர் அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து வாசலில் கொட்டினாள். “படுத்துக் கெடந்தா அந்து போன ஒயரு தானா ஒட்டிக்குமாங்க?” என்றாள். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன், பாதி ஒயர் கெட்டுப் போயிருந்தது. அதுவே சீசனில் பந்தலில் போய்த் தெரிந்திருந்தால் மானம் போயிருக்கும். அப்போதிருந்து வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் அதே நேரத்துக்குக் கடையைத் திறந்துவிடுவேன். பழைய வாடிக்கைக்காரர் வீட்டுப் பக்கம் போவேன், வேலை இருக்கிறதா என்று கேட்க மாட்டேன், டீ குடித்துவிட்டு வருவேன். நீயும் வேலை வராத நாளில் போனையே பார்த்துக்கொண்டு உட்காராதே. அதே நேரத்துக்கு அறைக்குள் போ, பழைய பேப்பரையாவது எடுத்து வாய்விட்டுப் படி.

வீட்டில் இருந்து வேலை செய்வதில் உனக்கு வந்த பெரிய கஷ்டம் வேலையே அல்ல, நாங்கள்தான். உன் அத்தை மகன் ஓசூர்க் கம்பெனியில் இருக்கிறான். உன் தாய்மாமன் வீட்டுக் காதுகுத்துக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான், பாவம் என்றார்கள். நீ அதே காதுகுத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாய், இரண்டு வீடு தள்ளியிருந்து வருவதற்கு என்ன கேடு என்றார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் நீ, ரேஷன் கடையில் கைரேகை வைக்க நீ, தெருப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட நீ. வூட்ல சும்மாத்தான இருக்குது என்று உன்னைப் பற்றி எத்தனை பேர் சொன்னார்கள், நான் ஒருவரையாவது தடுத்தேனா? இவர்கள் எல்லோரையும்விட நான்தான் மோசம். ‘ஒரு நிமிசந்தான் பாப்பா, ஜவுளிக்கடை திறப்பு விழாவுக்கு ரெண்டு வரி பேசிக் குடு’ என்று நடுவேலையில் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெடுத்தேன். பென் டிரைவ் என் கைக்கு வந்ததே அப்படித்தானே. இனிமேல் அறிவிப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். உனக்குக் கோபம் வரும், வந்தாலும் மேலே படி. உன் போன் கெட்டிருந்த சமயம் நீ அம்மாவின் போனிலிருந்து அந்தச் சென்னைக் கம்பெனி ரேவதி மேடத்திடம் பேசியிருந்தாய். அந்த நம்பர் அதில் இருந்தது. உன் அம்மாவைக் கடைக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டு அவர்களைக் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அவர்கள் சொன்னதையெல்லாம் அம்மா திருப்பி என் காதில் சொன்னாள். நான் யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அம்மா, “கத்தாதீங்கன்றாங்க, அவங்களுக்கு நல்லாக் கேக்குதாம்” என்றாள். குரலைத் தணித்துக்கொண்டு, தப்பு என்னுடையது, என் மகளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அந்த நாவலைத் திரும்ப அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன். நாவலை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அது முடிந்த கதை என்று சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

போனை வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவர்கள் சொன்னதை அம்மா சொன்னபடியே எழுதுகிறேன். “உங்க பொண்ணு மேல எங்களுக்கு இருக்கற வருத்தம் ஒண்ணுதாங்க. நடந்தத அவங்க வாயால எங்களுக்குச் சொல்லியிருக்கணும். யாரோ மூணாவது மனுசர் சொல்லித் தெரிஞ்சிக்கிட்டோம். எத்தன தடவ கூப்பிட்டும் எடுக்கல. நாளைக்கு இன்னொரு புத்தகம் குடுத்து, அதுலயும் ஏதாச்சும் ஆச்சுன்னா, மறுபடியும் எடுக்காமத்தான இருப்பாங்க?” அப்புறம் சொன்னார்கள், பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் ஒன்று இருக்கிறதாம். குரல் இன்னும் முடிவாகவில்லை, நாளை மதியம் முடிவு செய்கிறார்களாம். அதற்குள் நீயே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னால், ஒரு பக்கம் படித்து அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பார்களாம். கொடுக்கிறோம் என்று சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கிறோம் என்றுதான் சொன்னார்கள். “நீங்க பேசினது போதும் சார், அவங்க பேசட்டும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். இதை நேற்றே உன்னிடம் சொல்லச் சொன்னேன். “பண்ணுனது நீங்க, நீங்களே சொல்லுங்க” என்று உன் அம்மா கையை விரித்துவிட்டாள்.

என் மேல் தப்பு இருக்கிறது என்பதற்காக உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை நான் விழுங்கிவிடப் போவதில்லை. ரேவதி மேடம் சொன்னது நியாயம். நாவலை ஊருக்குப் போட்டது நான். போனை எடுக்காமல் இருந்தது நீ. நீ பிறப்பதற்கு முன்னால் இண்டூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அப்போது ஆள் வைக்க வசதியில்லாமல் உன் அம்மாவும் வண்டியில் வருவாள். பெரியவர் ஒருவர் வாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை வந்தது. மெயினை அணைத்துவிட்டு, கரண்டு போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று நான் பார்த்தேன். அதற்குள் உன் அம்மா நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், “எங்க செட்டு கெட்டுப்போச்சுங்க. தர்மபுரியில இருந்து வேற வருது, அதுவரைக்கும் மேளக்காரங்கள வாசிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் சபையில் வைத்து எங்களைக் கிழித்து எடுத்தார். நாங்கள் நின்று வாங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த நல்லது கெட்டது நடந்தாலும் நம் செட்தான். திட்டுகிறவன் மறுபடியும் கூப்பிடுவான் பாப்பா. நீ திட்டு வாங்க நிற்கவில்லை என்றால் அவன் யாரைக் கூப்பிடுவான்?

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உன் அம்மாவுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன், பிரிக்காமல் இன்று ராத்திரியே உன்னிடம் கொடுப்பாள் என்று நம்பி எழுதுகிறேன். அத்தை பேச்சுக்குக் கோபம் வந்துதான் நாவலைப் போட்டேன், அது உண்மை. ஆனால் அதற்கு ஒரு நிமிடம் போட்டிருந்தால் போதும். தெருவுக்குப் புரிந்துவிட்டது, கிண்டல் செய்தவன் கூழை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டான். நீ சொன்னதும் எனக்கு ஞாபகம் இருந்தது, கை ஸ்விட்ச் வரை போனது. நிறுத்தவில்லை. நீ இந்த வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு ஹெட்போனை என் தலையில் மாட்டி, “கேளுங்கப்பா” என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். நானும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சூப்பர் என்பேன். எனக்கு ஒரு தடவைகூட ஒரு சொல் பிடிபட்டதில்லை. யாரோ பக்கத்து அறையில் முனகுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உன் முகம் வாடிவிடும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தபோது, நீ படிப்பது முதல்முறையாக எனக்குச் சொல் சொல்லாகக் கேட்டது. அந்தக் கதையில் அக்காவும் தங்கையும் பேசாமல் இருந்துவிட்டு ஒருநாள் பேசிக்கொள்கிற இடத்தில், நீ குரலை இறக்கி, அழாமல், அழுகைக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தாயே, அதைக் கேட்டேன். என் மகளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வரி, அடுத்த வரி என்று நிறுத்த மனசு வராமல் உட்கார்ந்திருந்தேன். உன் வேலை போனது அதனால்தான்.

நான் மைக் செட்டை விட்டுவிடுவேன் என்று எதிர்பார்க்காதே, விட மாட்டேன். ஆனால் நம் தெருவில் எந்த நாள் செட் கட்டுவார்கள் என்று என்னைவிட முன்னால் தெரிந்தவன் கிடையாது. அந்த நாளையெல்லாம் முன்கூட்டியே உன்னிடம் சொல்லிவிடுகிறேன், நீ தர்மபுரியில் சித்தி வீட்டுக்குப் போய் அங்கே உட்கார்ந்து படி. அவளிடம் பேசிவிட்டேன், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் அத்தையிடமும் பேசினேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் இனி வாயைத் திறக்க மாட்டாள்.

நாளைக்கு ஏரியூர்ப் பக்கம் ஒரு கோயில் பண்டிகைக்குச் செட் கட்டப் போகிறேன். நீ எழுவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர மாட்டேன், வந்தால் போகாதே என்று கத்துவேன், ஊரே பார்க்கும். போவதா, ரேவதி மேடத்தைக் கூப்பிடுவதா என்பதை நீயே முடிவு செய். என்ன செய்தாய் என்று போனில் சொல்லாதே, எனக்குக் கேட்காது. சாயங்காலம் வந்ததும் உன் அறையைப் பார்ப்பேன். கதவு திறந்திருந்தால் நீ ஓசூர் போய்விட்டாய் என்று தெரிந்துகொள்வேன். சாத்தியிருந்தால் தட்ட மாட்டேன். கூப்பிடவும் மாட்டேன். நீயாக வெளியே வருகிறவரை வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா